பேட்டியாளர் எண் பதினேழு

பாலம் தாண்டியதும் வலப்பக்கம்.
மூன்றாவது கதவைத் தட்டு.
திறக்காவிட்டால் குறித்துக்கொள்,
மறுபடி மூன்று எண்ணு.
பூந்தொட்டி வைத்த வீடு, நாயில்லாத வீடு என்று
கால் தானாகத் தேர்ந்துவிடும்,
அதற்குத்தான் விதி என்றார் எலீசோ.
ஆய்வு முறையியல், இரண்டாம் ஆண்டு,
ஆளுக்குப் பன்னிரண்டு படிவம்.

குத்தைசியின் நவம்பர் மழை
பாடத்திட்டம் எதையும் படித்ததில்லை.
தாள்களின் ஓரம் ஊறிப் பருத்தது.
பாச்சானா எதிர்வரிசையில்,
இருந்த ஒரே குடையும் அவனோடு.

உஷாங்கி, டிராலி பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.
நாடாளுமன்றத்தின் மேல் நம்பிக்கை,
ஒன்று முதல் பத்துக்குள்?
"ஒன்று. பூஜ்யம் கொண்டுவரலையா?"
கடந்த தேர்தலில் வாக்களித்தீர்களா?
"இதென்ன கேள்வி. காலை எட்டுக்கே.
சட்டைக்கு இஸ்திரி போட்டு."
ஏன் என்று கேட்கப்
படிவத்தில் வரியில்லை.

சியாலா, கையெல்லாம் அரைத்த வால்நட்.
பதினாலு கேள்வியில் ஒன்பதுக்குத் தெரியாது.
பேனாவை மூடியதும் ஆரம்பித்தார்:
தெருவின் தண்ணீர்க் குழாயை
எந்தக் கட்சிக்காரர் எந்த இரவில்
தோண்டிக்கொண்டு போனார் என்று
இருபது நிமிடம்,
மழை என் கழுத்துக்குள் இறங்க இறங்க.
அதற்கும் கட்டமில்லை.

எட்டாவது வீட்டில் ஒரு பையன்.
இங்கே கடைசியாகப் பிறந்தநாள் வந்தது யாருக்கு?
அவர்தான் பதில் சொல்லவேண்டும், அது இன்னொரு விதி.
"அம்மாவுக்கு. போன செவ்வாய்."
கூப்பிடு.
கூப்பிட்டான், கைப்பேசியில்.
பொலோன்யாவில் யாருடைய சமையலறையிலோ
யாருடைய தாய்க்கோ கஞ்சி ஆற்றிக்கொண்டு
ஒரு பெண் திரைக்குள் வந்தாள்.
"கேளும்மா, பத்து நிமிஷம் இருக்கு எனக்கு."

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர்
குடும்ப உறுப்பினர் அல்லர்.
பக்கம் நான்கு, அடிக்குறிப்பு.
நான் அதைப் படித்தே காட்டினேன்.
"சரி" என்றாள்.
பிறகு, "அந்த வீட்டுக்குக் கூரை போட்டது நான்.
அதையாவது எழுதிக்கோ."

அதன்பின் எந்தக் கதவையும்
தட்டக் கை எழவில்லை.
ரொட்டிக்கடைச் சூட்டில் உட்கார்ந்து
மீதி ஐந்து படிவத்தையும் நானே நிரப்பினேன்.
ஒரு தையல்காரி, ஒரு செவிலி,
இரண்டு விவசாயிகள், வேலையில்லாத ஒருவன்.
வயதுகூடக் கலைத்துப் போட்டேன்.
கள்ளத்திலும் ஒரு கவனம்.

அடுத்த வாரம் எலீசோ
அட்டவணையைத் திரையில் விரித்தார்.
யார் பெயரும் சொல்லவில்லை.
எண் பதினேழில், எட்டு முதல் பன்னிரண்டு வரை,
"தெரியாது" ஒன்றுகூட இல்லை, பாருங்கள்.
நம்பாதவர் எவரும் வாக்களிக்கவில்லை.
நம்பியவர் அத்தனை பேரும் வாக்களித்தார்கள்.
எவ்வளவு ஒழுங்கான தெரு.
யாரோ சிரித்தார்கள்.
என் காது சுட்டது.

நான் செய்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
ஒருவருக்கும் கை ஈரமில்லை,
ஒருவரும் வாசல்வரை வந்து
குழாயைப் பற்றிப் பேசவில்லை.
மனிதர் மாதிரி இருந்தார்கள்,
மாதிரிக்குள் சேர்க்க முடியாத அளவுக்கு.

ஐந்தையும் நீக்கிவிட்டேன்.
நீக்கியதை எழுதியும் கொடுத்தேன்,
இரண்டு வரி, காரணம் இல்லாமல்.
எலீசோ வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

இப்போது எனக்கு ஏழு வரிசை.
எட்டாவதில் குறியீடு: தகுதியற்ற பதிலாளி.
ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல், கூரை.
இது என்ன மாறி, எந்தப் பத்தியில் ஏற்ற
என்று கேட்கிறான் பாச்சானா,
தட்டச்சு செய்கிற விரலை நிறுத்தி.
சார்ந்த மாறியா, சாரா மாறியா?

விடு, அழிக்காதே என்றேன்.

வியாழன் மறுபடி அதே தெரு.
ஐந்து கதவு பாக்கி.
இந்தத் தடவை குடை எனக்கு.