கால் மில்லி

ஆரம்பாக்கத்தில் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது தமிழ்.
தடாவில் திரும்பி, கம்பெனி ஷெட்டில் நிறுத்தும்போது தெலுங்கு.
உள்ளே நுழைய விரல் ரேகை போதும்.

மீட்டிங் அறையில் ஒரு படம்.
பலகையில் செதுக்கி, மை தடவி,
தாளை மேலே வைத்துத் தேய்த்து எடுத்ததாம்.
ஒரு மலை, அதன் இடுப்பில் கோயில்,
கோயிலுக்கு ஏறும் படியில் குடை பிடித்து இரண்டு பேர்.
மழை இல்லை. பூ உதிர்கிறது.
பூவுக்கா குடை என்று பார்கவி ஒருமுறை கேட்டாள்.

எனக்குச் சம்பளம் குறை சொல்வதற்கு.
பெல்ட்டில் ரப்பர் வளையங்கள் வரும்,
பிசிறு, குமிழி, வெட்டு,
ஷிப்டுக்கு நாலாயிரம்.
வீட்டில் தோசை விளிம்பைக்கூடக் கண் சும்மா விடுவதில்லை.
முனிலட்சுமி சாப்பிடுகிறாளா, செக் பண்ணுகிறாளா
என்பார் மாமனார்.

மார்ச் மாதக் கூட்டம்.
நிஷிமுரா சார் ஜப்பானியத்தில் தொடங்குவார்,
நெல்லூர்ப் பையன் அதை இங்கிலீஷ் ஆக்குவான்,
பார்கவி தெலுங்காக்குவாள்,
நான் அதை எனக்குள்ளே தமிழில் வாங்கி வைப்பதற்குள்
டீயில் ஏடு கட்டியிருக்கும்.

அன்றைக்கு நான் வாங்கவில்லை.
கோயில் கூரைக்கு மேலே,
இடமிருந்து மூன்றாவது கிளையில்
ரோஸ் நிறம்
கோட்டை விட்டு வெளியே நின்றிருந்தது.
இத்தனை மாதம் எதிரே உட்கார்ந்தும்
எப்படி விட்டேன்!

வேறு ஏதாவது உண்டா என்று
மூன்று வாய் மாறிக் கேள்வி வந்தது.
உண்டு, என்றேன்.
அந்தப் படம் ரிஜெக்ட்.

பார்கவி என் காலை மிதித்தாள்.
பிறகு வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தாள்.
நெல்லூர்ப் பையன் எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னான்.

நிஷிமுரா சார் எழுந்தார்.
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
படத்தின் மேல் மூச்சு படும் தூரத்தில் நின்றார்.
ஃபேன் சத்தம்.
சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து
கிளையின் மேல் வைத்தார்.
0.25 என்று பலகையில் எழுதினார்.
அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அப்புறம் பேசினார், ரொம்ப நேரம்.
ஒரு இடத்தில் குரல் கம்மியது,
ஒரு இடத்தில் சிரித்தார்,
விரலால் காற்றில் எதையோ தேய்த்தார்.
என்னிடம் வந்து சேர்ந்தது இவ்வளவுதான்:
'ஆமாம்.'

கையை நீட்டினார்.
என் கோட்டுப் பையில் இருந்த சிவப்பு ஸ்டிக்கரை
உரித்துக் கொடுத்தேன்.
சட்டத்தின் கீழ் மூலையில்
நேராக, அழுத்தி ஒட்டினார்.
படம் இறங்கவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது,
ரிஜெக்ட் ஆகி.

ஷிப்ட் முடிந்து வந்தால்
ஷெட்டுக்குப் பக்கத்துப் புங்க மரம்
சீட் முழுக்கக் கொட்டியிருந்தது.
மேற்கே குன்றுக் கோயிலில்
இருட்டுமுன்னே ட்யூப்லைட் போட்டுவிட்டார்கள்.
தட்டாமல் உட்கார்ந்தேன்.

எல்லைச் சாவடியில் யாரும் நிறுத்தவில்லை.
வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தேன்,
சுடிதாரில் ஒட்டி நாலு பூ வந்திருந்தது.
மூன்று சரி.
ஒன்றில் லேசாகப் பிசிறு.