அடிக்குறிப்பு

ஜூன் மாதம். மின்விசிறி வெக்கையைத்தான்
சுற்றிச் சுற்றிப் பரிமாறியது.
பாடநூலை மூடிவிட்டுப் பதினோராம் வகுப்புக்குச் சொன்னேன்:
உங்கள் தெருவுக்கு ஒரு வரலாறு எழுதி வாருங்கள்.
சொன்னது என்ன என்பது மட்டும் போதாது.
சொன்னவர் யார், அவருக்கு அதில் என்ன லாபம்,
அதையும் எழுதுங்கள்.

ஆடி முடிவதற்குள் மேசை நிறைந்துவிட்டது.
சௌகார்பேட்டை அடகுச் சீட்டு ஒன்று, மீட்கப்படாதது.
ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி அட்டை.
எண் அழிந்த தண்ணீர் லாரி டோக்கன்.
தமீம் தெருவிளக்குகளை எண்ணி
எரியாதவற்றுக்கு மட்டும் வரைபடம் போட்டிருந்தான்.
'இது எல்லாருக்கும் தெரியும்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.
எல்லாரும் என்றால் யார், என்று சிவப்பு மையில் கேட்டேன்.

யுவஸ்ரீ பெரும்பாக்கத்திலிருந்து
இரண்டு பஸ் மாறி வருகிறாள்.
ஓட்டேரி நல்லா கரையில் வீடு இருந்தவரை
நடந்தே வந்தவள்.
இடிப்பதற்கு முன்பு மஞ்சள் பெயின்டில் எண் போட்டார்கள்.
எண் போட்ட கதவை அவள் அப்பா கழற்றி
மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டாராம்.
எட்டாவது மாடியில் இப்போது அதுதான் கட்டில்.
அடிக்குறிப்பில் எழுதியிருந்தாள்:
சான்று: கதவு.
இருக்குமிடம்: அப்பாவின் முதுகுக்குக் கீழே.

பத்துக்குப் பத்து போட்டேன்.
அப்புறம் அடித்துவிட்டு ஒன்பது.
கதவின் அளவை எழுதவில்லை அவள்.

பகலில் நான் விதைப்பதை
இரவில் என் மகன் அறுக்கிறான்.
ஏனோக். வயது பதினான்கு.
மூன்று ஞாயிறாகத் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகவில்லை.
"கல்லறை காலியா இருந்ததை எழுதினவர்
நேர்ல பாத்தாராம்மா?
எத்தனை வருஷம் கழிச்சு எழுதினார்?"
குக்கர் நாலாவது விசில் அடித்தது.
மூன்றுதான் கணக்கு.
பருப்பு குழைந்துபோனது.

அவனுக்குச் சொல்லாதது ஒன்று உண்டு.
எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில்
பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் அவன்,
வெளியே தரையில் நான்,
மருந்துச் சீட்டோடு மாடிப்படிகளில் அவன் அப்பா.
ஏறிய எடையை நர்ஸ் எழுதினார்.
நான் கேட்டதை யாரும் எழுதவில்லை.
எழுதுவதற்கு அதில் வார்த்தையும் இல்லை.
பிழைத்தான்.

வருஷா வருஷம் நன்றி ஆராதனையில் போதகர் கேட்பார்,
சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னே வரலாம் என்று.
மாமியார் முழங்கையால் இடிப்பார்.
நான் எழுந்ததில்லை.
சொல்பவள் நான், எனக்கு அதில் லாபம் உண்டு,
இன்றைய அளவில் ஐந்தடி நாலங்குல லாபம்.
அதுகூடப் பரவாயில்லை.
பக்கத்துப் பெட்டியின் தாயும் தரையில்தான் இருந்தாள்.
பாடியநல்லூர் என்று சொன்ன ஞாபகம்.
என்னைவிட நன்றாகக் கேட்டாள், சத்தமாக,
வேறொரு பெயர் சொல்லி.
பதினோராம் நாள்
வெறும் ஒயர்கூடையோடு லிஃப்டில் இறங்கிப் போனாள்.
அவளை விட்டுவிட்டு ஒரு வரலாற்றை
என் வகுப்பில் யாராவது எழுதி வந்தால்
திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நேற்று ராத்திரி ஏதோ படிவத்துக்காக
பீரோவில் ஞானஸ்நானச் சான்றிதழ் தேடியவன்
ஆஸ்பத்திரி அட்டையோடு வந்து நின்றான்.
"ஆயிரத்து நூத்தி எண்பது கிராமா நான்?"
சிரித்தான். திருப்பிப் பார்த்தான்.
திரும்பவும் முன்பக்கம்.
"பெட்டி எண் ஏழுன்னு போட்டிருக்கு.
அம்மா, ஆறுல யார் இருந்தாங்க?"

சொன்னேன்.
பெயர் தெரியாது என்பதையும் சொன்னேன்.
அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதினான்:
ஆறு, பெயர் தெரியவில்லை. சொன்னவர் அம்மா.
கரண்ட் போயிற்று.
பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு ரயில்
சிக்னலுக்காக நின்று கூவிக்கொண்டிருந்தது.
மெழுகுவர்த்தி எங்கே என்று இருவருமே தேடவில்லை.
இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அதை ஜெபம் என்று எழுத
என்னிடம் சான்று போதாது.