மா

செவ்வாய் இரவு. பாக்ஸ் ஹில் நூலகத்தில்
ஏழு பேர், ஏழு கத்தரிக்கோல்,
சிவப்புத் தாள் ஒரு கட்டு.

"மா" என்றாள் லான்ஃபெய்.
நேராக நீட்டினால் அம்மா.
பள்ளத்தில் இறங்கி ஏறினால் குதிரை.
வெடுக்கென்று விழுந்தால் வசவு.
மருந்துக்கடையில் இத்தனை நாள்
யாரை என்ன சொல்லிவைத்தேனோ.

எங்களிடமும் மா உண்டு என்றேன்:
தோசைக்கு அரைப்பது, வடு உதிர்ப்பது,
நிகண்டைப் புரட்டினால் குதிரையும்.
"உங்கள் குதிரையும் பள்ளத்தில் இறங்குமா?"
இல்லை, அது சமதரையில்தான் ஓடும்.
குழாய்வேலை பார்க்கும் ஸ்டாவ்ரோஸ் சிரித்தார்.

தாளை மடித்து வெட்டிப் பிரித்தால்
மூக்கோடு மூக்கு ஒட்டிய இரண்டு குதிரை.
நான் மடிப்பையே வெட்டிவிட்டேன்.
மேசைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று,
ஜீவனாம்சம் பேசி முடித்ததுபோல்
விழுந்தன.

"கத்தரியை வளைக்காதீர்கள்" என்றாள்.
"அது அசையாமல் இருக்கட்டும்.
தாளைத் திருப்புங்கள்."

ஒன்றை ஸ்டாவ்ரோஸ் கேட்டு வாங்கிப் போனார்.
மற்றது கல்லாவுக்குப் பின்னால்,
இருமல் மருந்துகளுக்கு மேலே,
வால் கொஞ்சம் கிழிந்து.

வியாழனன்று இன்சுலின் வாங்க வந்த திருமதி ஓயாங்
அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார்.
நாக்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு
மோவாயைத் தாழ்த்தினேன்.
அடிவயிற்று வளைவைச் சுற்றி
மெல்ல,
கிழியாமல்,
கழுத்துவரை ஏறினேன்.

தலையசைத்தார்.
பிறகு வாலைச் சுட்டி
வேகமாக ஏதோ கேட்டார்.

அந்தப் பாடம்
இன்னும் வரவில்லை.