ரிஜிஸ்டர்

இருபத்தெட்டு வருஷம்
ஸ்ரீராமபுரத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டினேன்.
கல்யாணப் பத்திரிகை, காலண்டர், ஊதுபத்திப் பெட்டி,
ஒருமுறை யாரோ கார்ப்பரேட்டரின் பிறந்தநாள்.
மெஷின் சத்தம் எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை.
நின்றது மெஷின் அல்ல என்று
கோமளாதான் கண்டுபிடித்தாள்.

காதுக்குப் பின்னால் தோலுக்கடியில்
இப்போது ஒரு காந்தம்.
ஈ.எஸ்.ஐ.யில் கையெழுத்து வாங்கவே ஒன்பது மாதம்.
ஸ்விட்ச் போட்ட காலையில்
பூர்ணிமா ஹெப்பார் மேடம் பேசினார்:
தகர டப்பாவுக்குள் வாத்து.
ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ: இன்னொரு வாத்து.
என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றாவது வாத்து நான்.

மூன்றாம் வாரம் கீபோர்டு வந்தது.
இரண்டு கட்டை அழுத்தினார்.
எது மேலே, எது கீழே?
"ஒன்றுதானே" என்றேன்.
அவர் விரல் ஸ-விலிருந்து ப-வுக்குத் தாவியதைக்
கண் பார்த்தது.
காது பார்க்கவில்லை.

பிறகு மேஜையைத் தட்டினார்.
தகிட தகதிமி.
தட்டினேன்.
தகிட தகதிமி தகிட.
அதையும், அரை மாத்திரை சிந்தாமல்.
"பர்வாகில்வே" என்றார் மேடம், அவர் கன்னடத்தில்.

பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது.
பாட்டு ஒரே படம் இல்லை.
பிளேட் பிளேட்டாக வருகிறது:
கறுப்பு தனி, மஞ்சள் தனி,
மெஜந்தா தனி, சயான் தனி.
ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தால்தான்
மணப்பெண்ணுக்கு ஒரே மூக்கு.
எனக்குக் கறுப்பு மட்டும் விழுகிறது.
தாளம். கோடு கோடாக, கூர்மையாக, மை ஊறாமல்.
மற்றதெல்லாம் எங்கோ ரோலரில் சிக்கிக் கிடக்கிறது.
வீணையா, வயலினா, குக்கர் விசிலா,
எல்லாம் ஒரே சாம்பல்.
சத்தத்துக்கு நிறம் உண்டென்று
கேட்டுக்கொண்டிருக்கும்போது யாருக்குத் தெரிகிறது.

கோமளாவுக்குச் சுருதி சேராது.
நான் சொல்வதல்ல, தெருவே சொல்லும்.
மாவு பிசையும்போது ஒரு பாட்டை எடுத்தால்
பல்லவிக்கு ஒரு ஊரில் இருப்பாள்
சரணத்துக்கு வேறு ஊர்.
"துமகூரு வந்துடுச்சு, இறங்கு" என்பேன்.
கரண்டி பறக்கும்.

போன ஞாயிறு அவளைப் பாடச் சொன்னேன்.
வாத்து வந்தது.
எழுந்து போய் அவள் தொண்டையில் இரண்டு விரல் வைத்தேன்,
ஓடுகிற தாளின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.
"கொல்லப் பார்க்கிறியா?"
உதட்டில் படித்தேன்.
பாடு.

விரலடியில் ஒரு சின்னக் குருத்தெலும்பு
மேலே ஏறியது.
கொஞ்சம் நின்றது.
இறங்கியது.
மறுபடி ஏறி, இன்னும் மேலே போய்,
தப்பான இடத்தில் நின்றது போலிருந்தது.
அல்லது சரியான இடத்தில்.
சொல்ல எனக்கு இப்போது வழியில்லை.
உலகத்திலேயே உன் பாட்டில்
குற்றம் காண முடியாத ஒரே ரசிகன் நான் என்றேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.
அதுவும் விரலுக்கு வந்தது,
மூன்று தட்டு, ஒரு இடைவெளி,
பிறகு ஒன்று.

ராத்திரி கருவியைக் கழற்றி டப்பாவில் வைப்பேன்.
மெட்ரோ எங்கள் வீட்டைத் தாண்டுவது
கட்டில் காலில் தெரியும்.
மற்றபடி எதுவும் அச்சாகாத தாள்.
தாள், தாளம் என்று
இருட்டில் சொல்லிப் பார்க்கிறேன்.
கேட்காதவனுக்குப் பெரிய வித்தியாசமில்லை.

எந்த வேலைக்கும் முதல் நூறு தாள் வீண்தான்.
ஓடவிட்டு, நிறுத்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகி,
மறுபடி ஓடவிட்டு,
பிறகுதான் ரிஜிஸ்டர் உட்காரும்.
காலையில் கோமளா மாவு பிசைவாள்.
கையை இரண்டு தரம் கழுவிவிட்டேன்.
நகக்கண்ணில் மட்டும் இன்னும்
கொஞ்சம் மெஜந்தா.