போயா நாளில் பூட்டாதது

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறேன்.
சடங்கு, கல்யாணம், தேர், மே தினம்.
சாவு வீட்டுக்கென்றால் பாதிக் காசு.

இசைத்தட்டுக் காலத்தில்
பாட்டுக்குள் கள் இருந்தது, பானை இல்லை.
அவள் கண் கள், அவள் சொல் கள்.
பனையே முளைக்காத இந்தக் குளிரில்
எல்லோரும் தலையாட்டினோம்.

கசெட் வந்ததும் கள் போத்தலுக்குள் போயிற்று.
சால்வை போர்த்திய ஒருவன்
காதலி போனதற்காக ஆறு நிமிடம்
நல்ல குரலில் தள்ளாடினான்.
எங்கள் தோட்டத்தில் அதற்காக யாரும்
குடித்ததாக நினைவில்லை.
அட்டைக்கடிக்கு, மழைக்கு,
அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளைக்கு,
சிலசமயம் சும்மா
சம்பள நாள் என்பதற்காக.
ஆனாலும் தவறணையிலிருந்து மேடேறும்போது
அவன் சோகத்தைத்தான் கடன் வாங்கிப் பாடினார்கள்.

இப்போது பென் டிரைவ்.
கதாநாயகனே வரிசையில் நின்று
குவாட்டர் என்கிறான், கட்டிங் என்கிறான்.
கால் போத்தல் என்று சொல்லி வளர்ந்த பொடியன்கள்
ஒரே வாரத்தில் பாஷை மாறினார்கள்.
போயா நாளில் தவறணைக்குப் பூட்டு.
என் பெட்டிக்குப் பூட்டில்லை.

கசிப்புக்கு மட்டும் என்னிடம் ஒரு பாட்டும் இல்லை.
யூரியாவும் பழைய பேட்டரியும்
மெட்டுக்குள் அடங்கவில்லை போலும்.

போன மாதம் கீழ்ப்பிரிவு மாரித்தாய்
மகள் தர்ஷிகாவின் கல்யாணத்துக்கு
முற்பணத்தோடு வந்தாள்.
"குடிப்பாட்டு ஒண்ணும் வேணாண்ணே.
அந்த மனுசன் படம் சுவத்துலதான் இருக்கும்."

இரவு முழுக்க உட்கார்ந்து அழித்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு.
இருபது வருசமாய்ப் போடுகிறேன்,
ஒன்றைக்கூட முழுசாய்க் கேட்டதில்லை என்று
அப்போதுதான் தெரிந்தது.
தாலாட்டு என்று நினைத்திருந்த ஒன்றில்
இரண்டாம் சரணத்தில்
அப்பன் கதவைத் தட்டுகிறான்.

விடியும்போது நாற்பத்தெட்டு மிஞ்சியது,
பாதி சாமிப் பாட்டு.
கள் ஊறும் கண் ஒன்றை
அழிக்க மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று
சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் அவள் நின்றபோது
அதுதான் வந்தது.
என் கை திருகில் போயிற்று.
அவள் கரண்டியை வைத்துவிட்டு
கூடவே பாடினாள்,
அந்தச் சொல்லையும் சேர்த்து, சத்தமாக.
பிறகு என்னைப் பார்த்து,
"இது பரவால்லண்ணே. இது பொய்யிதானே" என்றாள்.

இருட்டியதும் மாப்பிள்ளையின் கூட்டாளிகள்
ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி
மற்ற பென் டிரைவைக் கேட்டார்கள்.
வீட்டில் இருக்கிறது என்றேன்.

சட்டைப் பையில் இருந்தது.