பச்சைத் தவிடு

தவிடு விழுந்த நேரம் பத்து நாற்பது.
எழுதிக்கொண்டேன்.
பத்து ஐம்பத்திரண்டுக்கு நீடாமங்கலம் கேட் மூடியது.

மடியில் ஐஸ் பெட்டி.
அரிசி மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்
தண்டவாளத்தில் நகர்ந்தும் நகராமலும்.
வெள்ளரிப்பிஞ்சுக்காரர் என் ஆட்டோவை மூன்று முறை சுற்றிவிட்டார்.
பெட்டிக்குள் வேலை தொடங்கியாயிற்று.

நெல்லுக்குள் இருக்கும்வரை
எண்ணெய் ஓர் அறையில்,
அதை அறுக்கும் நொதி வேறோர் அறையில்;
ஒரே வீட்டில் முகம் பார்க்காத பங்காளிகள்.
உருளை தீட்டியதும் சுவர் விழுகிறது.

"புழுங்கத் தவிடு கெடாதும்மா.
பச்சைத் தவிடு பொழுது சாஞ்சா காறிப்போவும்.
இத கண்டுபுடிக்கவா அஞ்சு வருசம்?"
ஆலையில் வைரக்கண்ணு கேட்டார்,
மூக்கில் உமித்தூள், காதில் பீடி.

சரிதான்.
ஆவியில் வெந்தால் நொதி அவிழ்ந்துவிடும்.
நான் தேடுவது
அவிழ்வதற்கு முந்திய முடிச்சை.

தஞ்சாவூரில் என் குளிரறையில்
கண்ணாடிச் சில்லுகளில் தலைகீழாகத் தொங்குகின்றன துளிகள்.
சம்பா நடவில் பம்புசெட்டுகள் இழுத்த இழுப்பில்
ஒரு ராத்திரி மின்சாரம் போய்
நானூறும் கலங்கின.
மிஞ்சிய ஒன்றில் ஏதோ மின்னியது.
உப்பாக இருக்குமோ என்று ஊசியால் தொட்டேன்.
உப்பென்றால் நறுக்கென்று உடையும்.
இது புட்டுபோல் உதிர்ந்தது.
புரதம்தான் என்று தெரிந்துகொண்டபோது
அது இல்லை.

அடுத்ததற்குப் பதினாலு மாதம்.
இந்தூருக்கு அனுப்பி, கதிரில் காட்டி,
புள்ளிகளை எண்ணி உருவம் வரைந்தோம்.
செரின், ஹிஸ்டிடின், அஸ்பார்டேட்
மூன்றும் நிற்கவேண்டிய இடத்தில் நின்றன.
அவற்றின்மேல் ஒரு மூடி உண்டு.
தண்ணீரில் சாத்திக் கிடக்கும்,
எண்ணெய் விளிம்பு தட்டுப்பட்டால் மட்டும்
மதகுப் பலகைபோல் எழும்.
அதை வரையவேண்டிய இடத்தில்
வரைபடம் காலி.
அசைந்துகொண்டே இருப்பது படிகத்தில் விழாது.

போன மாதம் திருவாரூரிலிருந்து ஜெசிந்தா கூப்பிட்டாள்,
ஆஸ்பத்திரி லேபில் இருப்பவள், கூடப் படித்தவள்.
"ஒரு டியூப் இருக்கு. வந்து பாரேன்."
நாற்பது நாள் குழந்தை.
ரத்தம் எடுத்து நிறுத்திவைத்த குழாயில்
அடியில் கொஞ்சம் சிவப்பு,
மேலே முழுக்கப் பால்.
மெஷினை இரண்டு முறை கழுவியிருக்கிறார்கள்;
அப்போதும் எண் காட்டவில்லை.

அறுக்கவேண்டிய நொதி
அந்த உடம்பில் பிறக்கவே இல்லை.
நான் சுற்றிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்குத்
தூரத்துச் சொந்தம் அது.
வேறு மூடி, வேறு கதவு;
என் வரைபடம் அங்கே ஒரு சொட்டுக்கும் உதவாது.

தாழ்வாரத்தில் தாய், நனைந்த ரவிக்கையோடு:
"எம் பாலுதான் அவ ரத்தத்துல கலந்துடுச்சாங்க?"

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார்.
எனக்கு ஆட்ட வரவில்லை.
ஒரு விதத்தில், ஆமாம்.
அன்று சாயங்காலமே தாய்ப்பாலை நிறுத்திவிட்டார்கள்.
பீங்கானில் பீய்ச்சி அவள் வாஷ்பேசினில் ஊற்றுவதை
பஸ்ஸுக்குப் போகும் வழியில் பார்த்தேன்.

ஆலைக்காரர் நேற்றும் போன் செய்தார்:
"வேக வைக்காம அத நிறுத்த வழியிருக்கா மேடம்?
டன்னுக்கு எவ்ளோ நட்டம் தெரியுமா?"
பார்க்கிறேன் என்றேன்.
நிறுத்தத்தான் எனக்குப் பணம் தருகிறார்கள்.

கடைசிப் பெட்டி போய்விட்டது.
கேட் இன்னும் எழவில்லை,
எதிர்ப்பக்கம் இன்னொரு வண்டியாம்.
ஐஸ் பெட்டியின் மூடியை விரலகலம் திறந்து முகர்கிறேன்.
லேசாக, மிக லேசாக,
சிக்கு வாடை.

மாதிரி கெட்டது என்று எழுதவேண்டும்.
நேரத்தை மட்டும் எழுதுகிறேன்:
பதினொன்று முப்பத்தாறு.