ஈ, தா, கொடு

ஆங்கிலக் கடிதம் விளம்பர நிறுவனத்திலிருந்து வந்தது.
இரண்டு பக்கம். நடுவில் ஒரு கண்ணீர்ப் படம்.
"தமிழிலும் ஒன்று வேண்டும் புஷ்பலீலா,
வெள்ளிக்கிழமைக்குள்" என்றார் பொருளாளர் குவெக்.

எங்களிடம் இருப்பது ஒரே வேன்.
சக்கர நாற்காலியைத் தூக்கும் மின்தட்டு
பாதி உயரத்தில் நின்று யோசிக்கும்.
திங்கள், புதன், வெள்ளி
புக்கிட் மேராவிலிருந்து ஒன்பது பேர்
ரத்தம் சுத்திகரிக்கப் போய்த் திரும்புகிறார்கள்.
புது மின்தட்டு பதினோராயிரத்து நானூறு வெள்ளி.
இதைத்தான் எழுத வேண்டும்.
நான் எழுதியதோ
"கருணை உள்ளம் கொண்ட பெருமக்களே".

அடித்தேன்.
"உதவிக்கரம் நீட்டுவீர்". அதையும் அடித்தேன்.
எந்தக் கை, எவ்வளவு தூரம் நீளும்?
"வாடிய முகங்களில் புன்னகை பூக்க."
வேனுக்குள் யாரும் வாடி நான் பார்த்ததில்லை,
தூங்கித்தான் பார்த்திருக்கிறேன்,
திரும்பும் வழியில், வாய் திறந்து.

உயர்நிலை இரண்டில் படித்தது,
தேர்வுக்குப் பின் ஒருநாளும் தேவைப்படாதது,
இரவு பதினொன்றுக்கு
கீழ்த்தளத்தில் பூனைகள் சண்டையிடும்போது
நினைவுக்கு வந்தது:
தாழ்ந்தவன் கேட்டால் ஈ.
ஒத்தவன் கேட்டால் தா.
உயர்ந்தவன் கேட்டால் கொடு.

கேட்பதற்கு மூன்று வினை வைத்திருக்கும் மொழியில்
மூன்று நாளாய் நான் முதல் வரியில் நிற்கிறேன்.

ஈயுங்கள் என்று எழுதினால் ஜெய்னம்பு உதைப்பார்.
(உதைக்க ஒரு கால்தான். அதையும் அவரே சொல்வார்.)

அவரிடம்தான் போனேன். பதினோராம் மாடி,
வாசலில் காய்ந்துகொண்டிருந்த போர்வையை விலக்கி
உங்கள் கதையை எழுதலாமா என்றேன்.

"கதையா?
நாலரைக்கு எந்திரிக்கிறேன்.
அஞ்சேகாலுக்குக் கீழே வந்து நிக்கிறேன்.
வேன் கெட்டுப்போன அன்னிக்கு
ஏழு டாக்சி என்னைப் பார்த்துச்சு,
நாற்காலியைப் பார்த்துச்சு, போயிருச்சு.
ஏழு. எண்ணினேன். வேற வேலை இல்லை.
அதை எழுது. அழுதேன்னு எழுதாதே.
வயசைக் குறைச்சுப் போடு."

முதல் வரியே ஏழு டாக்சி.
வயதைப் போடவில்லை.
படம் வேண்டாம் என்றேன், குவெக் ஒப்புக்கொண்டார்:
அச்சுச் செலவு குறைகிறதே.
அடியில் ஒரு பின்குறிப்பு,
எல்லோரும் முதலில் படிப்பது அதைத்தான், நானும்:
"ஐம்பது வெள்ளியில் வேன் ஒரு காலை ஓடும்."
தாருங்கள் என்று ஒரே இடத்தில்.
அதற்குப் பின் கையெழுத்து.

அறுநூற்று நாற்பது உறை, ஜன்னல் வைத்தவை.
மடிப்பு ஒரு விரல் தவறினால்
பெறுநர் பெயர் மறைந்து
ஏழு டாக்சி தெரியும்.
அப்படியும் சில போயிருக்கும்.

இருபத்துமூன்று திரும்பி வந்தன.
ஒருவர் வீடு மாறியிருந்தார்.
ஒருவர், மகள் எழுதியிருந்தாள், உலகம் மாறியிருந்தார்.
பணமும் வந்தது.
கேட்டதைவிடக் குறைவாக,
நினைத்ததைவிடக் கூடுதலாக.

மூன்றாம் வாரம், அனுப்பியவர் பெயரில்லாமல்
ஒரு தடித்த உறை. உள்ளே
என் கடிதமே.
சிவப்பு மையில் ஒற்றுப்பிழை பதினான்கு.
"ஏழு டாக்சி"க்குப் பக்கத்தில், ஓரத்தில்,
"கள்" எங்கே என்று ஒரு கேள்வி.
பின்னால் இரண்டு ஐம்பது வெள்ளித் தாள்,
கிளிப் போட்டு.

குவெக் தாள்களைப் பிரித்து ரசீது எழுதினார்,
பெயருக்கு நேரே ஒரு கோடு.
நான் சிவப்பைப் பிடித்துக்கொண்டு
கடைசி வரைக்கும் போனேன்.
தாருங்கள் என்ற இடத்தில்
பேனா நின்று யோசித்த புள்ளி இருந்தது.
திருத்தம் இல்லை.

மின்தட்டுக்கு இன்னும் நாலாயிரத்துச் சொச்சம்.
புதுக் கடிதம் திறந்திருக்கிறது.
இந்த முறை ஒற்றுகளைப் பார்த்துக்கொண்டு.